சனிக்கிழமை மதியம் யாருடையது?

1900ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் வாழ்ந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளி குடும்பத்தின் ஒரு மாதத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஆகஸ்டு கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை என்று வைத்துக்கொள்வோம். கால்பந்து சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். ஒரு சனிக்கிழமை உள்ளூர் அணி சொந்த மைதானத்தில் ஆடும், அடுத்த சனிக்கிழமை வெளியூரில் ஆடும். வெளியூர் ஆட்டம் என்றால் அப்பாவின் அந்த மதியம் புறாக்கூண்டுக்கோ, காய்கறித் தோட்டத்துக்கோ, பேண்டு வாத்தியப் பயிற்சிக்கோ போய்விடும். ஓல்டாம் மாதிரி ஊராக இருந்தால் அந்தச் சமயத்தில்தான் மில்கள் எல்லாம் மொத்தமாக மூடப்பட்டு, ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போகும்.

பொழுதுபோக்கு, உள்ளூர் மேட்ச், குடும்பத்தோடு ஓர் உல்லாசப் பயணம். இன்றைய ஒரு சாதாரண மாதம் மாதிரியே இருக்கிறது, இல்லையா?

ஆனால் இது இயற்கையாக வந்த ஏற்பாடு அல்ல. இதற்கு 50 வருடம் முன்னால் அந்த ஊர்களில் சனிக்கிழமை மதியம் என்ற ஒன்றே கிடையாது. யாரோ பேரம் பேசி, யாரோ விட்டுக்கொடுத்து, சட்டம் போட்டு வாங்கிய நேரம் அது. யார் பெயரைச் சொல்லி வாங்கினார்கள், கடைசியில் யார் அனுபவித்தார்கள் என்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பழைய கதை. மில்கள் வருவதற்கு முன்னால் தொழிலாளிகளுக்கு ஓய்வே இல்லை என்று நினைத்தால் அது தப்பு. செருப்புத் தைப்பவர், கத்தி செய்பவர், கைத்தறி நெசவாளி எல்லோருக்கும் செய்த உருப்படிக்குத்தான் கூலி. சனிக்கிழமை இரவு கூலி கைக்கு வரும், ஞாயிறு குடித்துத் தீர்ப்பார்கள், திங்கள்கிழமை தலையைத் தூக்க முடியாது. அதனால் திங்களும் விடுமுறை! இதற்கு 'புனிதத் திங்கள்' என்று கிண்டலாகப் பெயர். ஏதோ ஒரு புனிதரின் திருநாள் மாதிரி. செவ்வாய், புதன் மெதுவாக ஓடும். வியாழன், வெள்ளியில் ராப்பகலாக உழைத்து விட்டதைப் பிடிப்பார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் படிக்கிறவர்களுக்கு இந்த முறை நன்றாகவே புரியும் :-)

நீராவி எந்திரத்துக்கு இது ஒத்துவரவில்லை. பாதிப் பேர் வராவிட்டாலும் எந்திரம் அதே அளவு நிலக்கரியைத் தின்னும். கட்டடம், எந்திரம், வட்டி என்று நிலையான செலவு எல்லாம் திங்கள்கிழமையும் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளிக்கு வேண்டியது குறைந்த நேரமோ அதிக நேரமோ மட்டுமல்ல, நிச்சயமான நேரம். பஞ்சாலைகளில் அபராதம் போட்டார்கள், வாசல் கதவைப் பூட்டினார்கள். விடியற்காலையில் நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்பிவிட்டுப் போவதற்கென்றே கூலி வாங்கிய ஆட்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். அலாரம் கடிகாரம் வாங்க வசதியில்லாத காலத்தில் அதுவும் ஒரு தொழில்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1847இல் வந்த பத்து மணி நேரச் சட்டம் பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் ஒரு நாளைக்கு 10 மணி நேர வேலை, சனிக்கிழமை 8 மணி நேரம் என்று வைத்தது. வாரத்துக்கு 58 மணி நேரம். வயது வந்த ஆண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. சுதந்திரமான ஓர் ஆண்மகன் தன் உழைப்பை எத்தனை மணி நேரத்துக்கு விற்கிறான் என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பொருளாதார வேதம். பெண்களும் பிள்ளைகளும் பலவீனமானவர்கள், அதனால் அவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு.

மில் முதலாளிகளில் சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சட்டம் ஒரு நபரின் வேலை நேரத்தைத்தான் எண்ணியது. எப்போது ஆரம்பித்து எப்போது முடிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லவில்லை. ஆகவே பெண்களையும் சிறுவர்களையும் மாற்றி மாற்றி உள்ளே வெளியே அனுப்பி எந்திரத்தை விடிகாலை முதல் இரவு வரை ஓட்டினார்கள். யார் எத்தனை மணி நேரம் செய்தார் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. 1850 பிப்ரவரியில் நீதிமன்றமும் இந்த முறை சட்டத்துக்கு விரோதமல்ல என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு வந்த சமரசம்தான் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். வேலை காலை 6 முதல் மாலை 6 வரை, அல்லது 7 முதல் 7 வரை, நடுவே சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அதாவது தினம் பத்தரை மணி நேர உழைப்பு. சனிக்கிழமை மட்டும் மதியம் 2 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: ஐந்து நாளைக்கு 52.5, சனிக்கிழமை 7.5, மொத்தம் 60. முன்னால் 58! வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துத்தான் சனிக்கிழமை மதியத்தை வாங்கினார்கள். சலுகை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது உண்மையில் ஒரு பண்டமாற்று. அப்படியும் அது நஷ்ட வியாபாரம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆறு நாளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நேரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கும் ஒரு மதியத்தை வைத்து ஒரு மேட்ச் பார்க்கலாம்.

இங்கேதான் வேடிக்கை. சட்டம் பெண்களுக்கும் இளையவர்களுக்கும். ஆனால் ஒரு நூற்பாலையில் நூற்பாளி என்ற ஆண் தொழிலாளியால் தனியாக எந்திரத்தை ஓட்ட முடியாது. அறுந்த இழையை ஒட்டிவிட உதவியாட்கள் வேண்டும், அவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கீழ் வருகிற இளையவர்கள். பெண்களும் பிள்ளைகளும் 2 மணிக்கு வெளியே போனால் மில்லே நிற்கும். ஆண்களுக்கு வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி நேரடியாகக் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த தொழிற்சங்கங்கள் பெண்களின் பெயரால் போராடி, தங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டன. அன்றைக்கே இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. 1874இல் வாரம் 56.5 மணி நேரமாகக் குறைந்தது, சனிக்கிழமை எந்திரம் 1 மணி வாக்கில் நின்றது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது 12 மணி ஆனது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை. கடைச் சிப்பந்திகளுக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம் கொழிக்கும் நாள், அவர்களுக்கு அரை நாள் விடுமுறை வேறு கிழமையில்தான் வரும். ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற கிளப்புக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததுண்டா? 1820இல் கிரிக்கெட் கிளப்பாக ஆரம்பித்தவர்கள் அவர்கள். புதன்கிழமை மதியம் ஓய்வு கிடைத்த கைவினைஞர்கள் அன்றுதான் ஆடினார்கள். 1867இல் கால்பந்துக்கு வந்த பிறகும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு தொழிலின் விடுமுறை நாள் இன்று வரை ஸ்கோர்போர்டில் ஓடுகிறது!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கிளை உண்டு. பம்பாய் மில்கள் லங்காஷயருக்குப் போட்டியாக வளர்ந்தபோது, இந்தியாவிலும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று மான்செஸ்டர் முதலாளிகளும் குரல் கொடுத்தார்கள். கருணையால் மட்டும் அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பம்பாயில் வாராந்திர விடுமுறைக்காக மனு எழுதி, கூட்டம் கூட்டி நின்றவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1890 ஜூன் 10 அன்று ஞாயிறு விடுமுறைக்கு அங்கே மில் முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே அரை நாள் சனிக்கிழமைக்குச் சண்டை நடந்து 40 வருடம் கழித்து இங்கே ஒரு முழு ஞாயிற்றுக்கே போராட வேண்டியிருந்தது.

சரி, லங்காஷயருக்குத் திரும்புவோம். சங்கு ஊதி எந்திரம் நின்றாகிவிட்டது. ஊரில் உள்ள ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கையில் வாரக் கூலியும் நாலு மணி நேரமும். வீட்டுக்கு நடந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, வழியில் ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தால் 3 மணி. இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் பாரம்பரியமாக 3 மணிக்கு ஆரம்பிப்பதன் ரகசியம் இவ்வளவுதான். டிசம்பரில் அங்கே 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது மட்டும் ஆட்டத்தை முன்கூட்டியே ஆரம்பிப்பார்கள். லீக் ஆட்டம் ஒன்று மின்விளக்கில் நடக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கால்பந்தின் விதிகளை எழுதியது இந்தத் தொழிலாளிகள் அல்ல. 1863இல் லண்டனில் கூடிக் கால்பந்து சங்கத்தை ஆரம்பித்தவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள். கோப்பைப் போட்டி 1872இல் முதல் இறுதியாட்டத்தைக் கண்டது. முதல் பத்து வருடம் கோப்பை கனவான்கள் கையில்தான் சுற்றியது. 1883இல் அது மாறியது. ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள் அணியும் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணியும் இறுதியில் மோதின. பிளாக்பர்ன் அணியில் நெசவாளிகள், ஒரு பிளம்பர், படத்துக்குச் சட்டம் போடுபவர் ஒருவர். ஆட்டத்துக்கு முன் சில நாட்கள் பிளாக்பூல் கடற்கரையில் தனியாகத் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ஜிம்மி காஸ்ட்லி, பஞ்சாலையில் நூல் நூற்றவர். 2-1. அதற்குப் பிறகு கனவான்களின் அமெச்சூர் அணி எதுவும் அந்தக் கோப்பையை ஜெயிக்கவில்லை.

ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாமா என்ற சண்டையும் இந்தச் சனிக்கிழமையில்தான் பிறந்தது. வெளியூரில் 3 மணி ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். மில்லில் அரை நாள் கூலி போகும். ஈட்டன்காரருக்கு அது ஒரு பொருட்டல்ல, நெசவாளிக்கு அது வாரக் கணக்கில் துண்டு. பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்பை நடத்திய வில்லியம் சுடெல் ஒரு பஞ்சாலையின் மேனேஜர். தன் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை 1884இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1885இல் சங்கம் இறங்கிவந்து தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. 1888இல் 12 கிளப்புகளோடு கால்பந்து லீக் ஆரம்பமானது. ஆறு லங்காஷயரிலிருந்து, ஆறு மத்திய இங்கிலாந்திலிருந்து. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை! முதல் சீசனில் ஒரு தோல்வியும் இல்லாமல் 22 ஆட்டங்களை முடித்துச் சாம்பியன் ஆனது சுடெலின் பிரஸ்டன். ஆனால் கிளப்புக்குப் போன பணத்தில் கணிசமான பங்கு மில்லின் கணக்கிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரியவந்து, 1895இல் அவர் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். ஆடிட்டிங் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

லீக் செய்த பெரிய காரியம் அட்டவணை. அதற்கு முன்னால் எதிரணி வருமா, வந்தாலும் 11 பேர் வருவார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இனிமேல் எந்தச் சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்று முன்பே அச்சாகிவிடும். நுழைவுக் கட்டணம் 6 பென்னி, அரை ஷில்லிங். மில் எப்படி நேரம் தவறாமல் ஓடியதோ அப்படியே கால்பந்தும் ஓடியது.

மற்ற பொழுதுபோக்குகள் அவ்வளவு சத்தம் போடாதவை. புறாப் பந்தயம் அதில் ஒன்று. கூடையில் அடைத்த புறாக்களை ரயிலில் தூரத்து ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அங்கே ரயில்வே ஊழியர் திறந்துவிட்டு நேரத்தைக் குறித்து அனுப்புவார். வீட்டில் வானத்தைப் பார்த்தபடி ஒருவர் காத்திருப்பார். ரயில் இல்லாமல் இந்தப் பந்தயம் இவ்வளவு பரவியிருக்காது. பித்தளை வாத்திய பேண்டுகள் ஊருக்கு ஊர் இருந்தன, மான்செஸ்டரின் பெல்வியூவில் 1853 முதல் போட்டி நடந்தது. செடிகொடிகளைப் பற்றி லத்தீன் பெயரோடு பேசும் தொழிலாளிகளும் அங்கே உண்டு. மான்செஸ்டரில் குழந்தைகளுக்குச் செருப்புத் தைத்த ரிச்சர்டு பக்ஸ்டன் அந்தச் சுற்றுவட்டாரத்துத் தாவரங்களைப் பற்றி 1849இல் ஒரு புத்தகமே போட்டார். மதுக்கடையில் கூடிச் செடி மாதிரிகளை மேசையில் பரப்பி விவாதித்த கூட்டங்கள் அவை. குடித்தே அழிந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது குடும்பப் பயணம். லங்காஷயரில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பழைய திருவிழா உண்டு, 'வேக்ஸ்' என்பார்கள். மில்கள் வந்த பிறகும் அந்த நாட்களில் யாரும் வேலைக்கு வருவதில்லை. தடுத்துப் பார்த்துத் தோற்ற முதலாளிகள், ஊர் மில்கள் அத்தனையையும் ஒரே சமயத்தில் மூடி அந்த நேரத்தில் எந்திரப் பராமரிப்பை முடித்துக்கொள்ளப் பழகினார்கள். கடைசியில் அது ஒரு முழு வாரம் வரை நீண்டது. இது சம்பளம் இல்லாத விடுமுறை என்பதைக் கவனிக்க வேண்டும். வருடம் முழுக்க வாராவாரம் சில பென்னிகளைச் சீட்டு கட்டுவது போல மில் கிளப்பில் கட்டிவருவார்கள். பயணத்துக்கு முந்தின நாள் பணம் கைக்கு வரும். மொத்த ஊரும் கிளம்பிவிடும், புகைபோக்கிகளில் புகை நிற்கும்.

போகிற இடம் பெரும்பாலும் பிளாக்பூல். ரயில் அங்கே 1846இல் வந்தது. கடலுக்குள் நீளும் மேடை 1863இல், கோபுரம் 1894இல். ஊருக்கு ஊர் திருவிழா வாரம் வேறு வேறாக இருந்ததால் ஒரு ஊர் காலி செய்த அறையில் அடுத்த ஊர் வந்து இறங்கும். கோடை முழுக்க அறைகள் நிரம்பியே இருக்கும். இவ்வளவு கட்டடத்தில் பணம் போட்டவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தங்கும் விடுதி அம்மாக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளிகள் தங்கள் மளிகை சாமான்களைத் தாங்களே வாங்கிக் கொடுப்பார்கள், விடுதி அம்மா சமைத்துப் போடுவார். ஒரு மில் வீட்டு அம்மாவுக்கு வருடத்தில் அடுத்தவர் கையால் சாப்பிடக் கிடைக்கிற வாரம் அது ஒன்றுதான்.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். அம்மாவின் சனிக்கிழமை என்ன ஆனது?

லங்காஷயர் நெசவுக்கூடங்களில் பெண்கள்தான் அதிகம். தறிக்கு முன்னால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே உருப்படிக் கூலி, அந்தக் காலத்தில் இது அபூர்வம். மதியம் சங்கு ஊதியதும் அவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். வந்து வாரம் முழுக்கச் சேர்ந்த வேலையை ஆரம்பித்தார்கள். ரொட்டி சுடுவது, வீடு துடைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, சாயங்காலம் சந்தைக்குப் போவது. வாசற்படியைத் தேய்க்க ஒரு மாவுக்கல் உண்டு. நம்மூர்க் கோலம் மாதிரி, அந்தப் படியின் வெண்மையை வைத்துத்தான் தெரு அந்த வீட்டை எடை போடும். அப்பா 3 மணி ஆட்டத்துக்குப் போவதற்கு வசதியாக யாரோ வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. எந்தப் பெண்ணின் பெயரால் அந்த மதியம் வாங்கப்பட்டதோ அவள்தான் அது!

பெண்களுக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1885இல் பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் பெண்களுக்கு அனுமதி இலவசம் என்றபோது சுமார் 2,000 பேர் வந்துவிட்டார்கள். கொஞ்ச வருடங்களில் கிளப்புகள் அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டன.

முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பிரஸ்டனில் டிக், கெர் என்ற எஞ்சினியரிங் கம்பெனியில் குண்டு தயாரித்த பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று அதே டீப்டேலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 10,000 பேர் வந்தார்கள். 1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிவர்பூலின் கூடிசன் பார்க்கில் 53,000 பேர், உள்ளே இடமில்லாமல் திரும்பியவர்கள் தனி. வசூல் மூவாயிரம் பவுண்டுக்கு மேல், அத்தனையும் தர்ம காரியத்துக்கு. லிலி பார் என்ற இளம்பெண்ணின் இடது கால் உதையைப் பற்றி ஊரே பேசியது.

1921 டிசம்பர் 5 அன்று கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல, வசூல் கணக்கிலும் சந்தேகம் இருக்கிறது, ஆகவே சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது. தறி ஓட்டலாம், போரில் குண்டு செய்யலாம், சனிக்கிழமை மதியம் பந்து மட்டும் ஆடக் கூடாது. டாக்டர்களிடம்கூடக் கருத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். மைதானங்களுக்குள்ளேயே விடாமல் போனதால் வசூல் நின்றது, வசூல் நின்றதும் அணிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. டிக், கெர் பெண்கள் பூங்காக்களிலும் வெளிநாடுகளிலும் ஆடிக்கொண்டு 1960களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தார்கள். தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது.

இதற்கிடையே மற்றதெல்லாம் மாறிவிட்டது. 1938இல் சம்பளத்தோடு விடுமுறைக்குச் சட்டம் வந்தது. போருக்குப் பிறகு சனிக்கிழமை காலை வேலையும் போனது. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் திருவிழா வாரத்துக்கு அர்த்தமில்லாமல் போனது. போல்டன் கிளப்பின் பழைய மைதானமான பர்ண்டன் பார்க்கில் 1997இல் கடைசி ஆட்டம் நடந்தது. அதற்குள் நுழையும் கூட்டத்தை எல். எஸ். லௌரி 1953இல் வரைந்த படம் 2022இல் 78 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. ஆறு பென்னி கொடுத்து உள்ளே போனவர்களின் படம்!

அதே 2022இல், ஜூலை 6 அன்று, பெண்கள் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டம் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் நடந்தது. 68,871 பேர் வந்திருந்தார்கள். இங்கிலாந்து 1, ஆஸ்திரியா 0. அன்று புதன்கிழமை.